துண்டுக்கு அடியில் வாய்ப்பாடு

சிதம்பரம்
வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சிந்துஜாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை தமிழினி, நம் பசு சிவப்பி, அது போட்ட கன்று எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஜெர்மனியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருக்கத் தில்லைக்காளி துணை இருக்கட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி இனிமேல்தான் எழுதப்போகிறேன், அதனால் முதல் பாராவோடு மடித்து வைத்துவிடாதே. போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ ஒன்பது வார்த்தை பேசி முடித்துவிடுகிறாய். மிச்சம் இருந்தால் மீட்டிங் இருக்குதும்மா அப்புறம் கூப்புடுறேன் என்று வைத்துவிடுகிறாய். இந்தக் காகிதத்தை நீ அப்படிக் கட் பண்ண முடியாது. தெருக்கோடி சபாபதி அண்ணன் மகள் இளமதி மேல்படிப்புக்கு உன் ஊருக்குப் பக்கத்திலேயே வருகிறாளாம், அவள் பெட்டியில் மிதிபாகல் வற்றல், பண்ருட்டி முந்திரி, கொஞ்சம் பருப்புப்பொடி, கூடவே இந்த லெட்டரையும் வைத்து அனுப்புகிறேன். வற்றலை ஒரேயடியாக வறுத்துத் தின்று தீர்த்துவிடாதே.

ஊர் செய்தி என்றால், கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, வெயிலுக்கு அது தெரியவில்லை. மத்தியானத்தில் கரண்ட் போய்விடுவதால் தையல் மிஷினைக் காலால் மிதித்துத்தான் ஓட்டுகிறேன். முகூர்த்த மாதம், பிளவுஸ் ஜாஸ்தி, ஒவ்வொருத்தியும் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து முதுகில் ஜன்னல் வைக்கச் சொல்கிறாள். கடலூர் ஓல்டு டவுன் மாமா வீட்டில் மாடி எழும்பிவிட்டது, கிரகப்பிரவேசம் ஆவணியில் என்று சொல்கிறார்கள். பிச்சாவரத்தில் படகு ஏற விடுமுறைக் கூட்டம் வந்து நம் ரோடு முழுக்கக் கார். இதெல்லாம் நீ போனில் கேட்காத செய்தி. நீ போன் எடுத்தாலே கேட்பது ஒன்றே ஒன்றுதான், தமிழினி கணக்குப் போட்டாளா, எத்தனை ரைட்டு, எத்தனை தப்பு. அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று நீயே நினைத்துப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுவதால் முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தக் கணக்கு சார் பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் நிறுத்தி வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். இவள் வாயையே திறக்கவில்லை. வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் வேனைப் பார்த்ததும் வாந்தி, அதற்கு மறுநாள் வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி. நானும் வெற்றிலை ஓமம் எல்லாம் வைத்துப் பார்த்தேன், மந்திரித்தும் பார்த்தேன், நிற்கவில்லை. அப்போது நீதான் அங்கிருந்து உத்தரவு போட்டாய். ஸ்கூலே வேணாம்மா, வீட்டுலயே படிக்கட்டும், ஓபன் ஸ்கூல்ல பரிட்ச எழுதிக்கலாம், தமிழு, சயன்ஸு நீ பாத்துக்க, கணக்கு நான் டெய்லி போன்ல எடுக்குறேன் என்றாய். உனக்கும் அவளுக்கும் பதினாறு வயசு வித்தியாசம், நீ சொன்னால் அது இன்னொரு தாய் சொன்ன மாதிரி என்று நானும் தலையாட்டினேன். இப்போது இளமதி சொல்கிறாள், நீ இருக்கிற நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கவே சட்டம் இடம் கொடுக்காதாமே. அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தாயே, உன்னை என்ன சொல்ல.

அன்றிலிருந்து இந்த வீட்டில் சாயங்காலம் அஞ்சு மணி என்றால் அழுகையும் கூச்சலும்தான். உனக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், நீ பிரட்டைக் கடித்துக்கொண்டே வருகிறாய். இங்கே நாலே முக்காலுக்கே உன் தங்கை பென்சில் சீவ ஆரம்பித்துவிடுகிறாள். சீவிச் சீவி அது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆனதும் தண்ணீர் தாகம். தண்ணீர் குடித்ததும் பாத்ரூம். பாத்ரூமிலிருந்து வந்ததும் கன்று கத்துகிற மாதிரி இருக்குதும்மா என்று கொட்டகைக்கு ஒரு நடை. அவளைப் பிடித்துக்கொண்டுவந்து போன் முன்னால் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. காலையில் சிவப்பிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எட்டாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பாட்டாகப் பாடுகிறவள், உன் முகத்தைப் பார்த்ததும் எட்டு ரெண்டு எவ்வளவு என்றால் சுவரைப் பார்க்கிறாள். நீ கலர் கலராகக் கணக்குத் தாள் போனில் அனுப்புகிறாய், அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து எடுத்து, ஜெராக்ஸ் கடைத் தம்பி இன்னா அக்கா வீட்டுலயே பள்ளிக்கூடம் தொறந்துட்டீங்களா என்று கேட்கிறான். அப்புறம் அந்த ஆப். தப்பாகச் சொன்னால் ஒரு கரடி உட்கார்ந்து கண்ணீர் விடுகிறது. வீட்டில் இருக்கிற அழுகை போதாதென்று கரடியும் அழ வேண்டுமா? கண்ணில் கோளாறோ என்று கடலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் போர்டில் இருந்த கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்துவிட்டு, கண்ணு நல்லா இருக்குது, கணக்கு வரலன்னா எங்கிட்ட ஏம்மா வந்தீங்க என்றார். வருகிற வழியில் இறங்கி பஸ் மாறி திருவதிகைக் கோயிலுக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தேன். சாமிக்கும் பாவம், கணக்கு வரவேண்டும் என்று சொன்னால் என்ன செய்யும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இஞ்ச் டேப்பால் அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழவில்லை. கீழே விழுந்த டேப்பை எடுத்து ஒழுங்காகச் சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அடித்த எனக்குத்தான் அழுகை வந்தது, நீ போனில் பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் உன் அப்பா உள்ளே நுழைந்தார். உன் அப்பா மாட்டுத் தரகர் என்று உனக்குத் தெரியும், துண்டு வித்தையைக் கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் அந்தத் தரகு எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்ததில்லை, உன்னை நான் சந்தைப் பக்கமே விட்டதில்லை, நீ படிக்கிற பிள்ளை என்று பொத்திப் பொத்தி வைத்தேன். சின்னவள் அப்படி இல்லை. பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து அவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு குறிஞ்சிப்பாடிப் பக்கம் சந்தைக்குப் போய்விட்டு வருகிறாள். அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விற்கிறவன், வாங்குகிறவன், பக்கத்தில் நிற்கிறவன் என்று ஆயிரம் காது இருக்கும் என்பதால் தரகர் தோளில் இருக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். ரெண்டு விரலைப் பிடித்தால் ரெண்டு, நாலைச் சேர்த்துப் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் அஞ்சு, அதற்கு மேலே போனால் முழுக் கையையும் பிடித்துவிட்டு மிச்ச விரலைப் பிடிக்க வேண்டும். இருபத்திமூணு என்றால் முதலில் ரெண்டைப் பிடித்து, கையை விட்டு, அப்புறம் மூணு. அது நூறா ஆயிரமா என்று பிடித்துக் காட்டுவதில்லை. எதிரே மாடு நிற்கிறது, அதைப் பார்த்தாலே தெரியும், மாடு என்றால் ஆயிரம்தான். விரலில் மோதிரம் இருந்தால் பிடி சரியாகத் தெரியாது என்று அவர் சந்தைக்குக் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றி என் தையல் டப்பாவில் போட்டுவிட்டுப் போவதை நீயும் சின்ன வயசில் பார்த்திருப்பாய். அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் என்னிடம், உனக்கு பிளவுஸ் வேல கெடக்குது, புள்ளகூட நான் ஒக்காந்துக்குறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் துண்டு. அன்றைக்கு அவள் சொன்னதில் பாதிக்கு மேல் ரைட்டு. மறுநாள் முக்கால்வாசி. அதற்கடுத்த வாரம் நீ பிரட்டையே கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாய், என் மெத்தட் ஒர்க்காவுது பாத்தியாம்மா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். எனக்கு அப்போதே சந்தேகம்தான். சோறு திங்க உட்கார்ந்தாலே பாதியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறவர் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்வது என்றால் சும்மாவா. ஒருநாள் போன் வைத்ததும் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். அவள் விரல் இன்னும் அவர் பிடியில் இருந்தது, விடையை எல்லாம் மாட்டு விலை மாதிரி அமுக்கிக் கொடுத்திருக்கிறார். அப்பனும் மகளும் திருட்டுப் பூனை மாதிரி முழித்தார்கள். உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்தான். சொல்லவில்லை. பல மாதத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் அஞ்சு மணி அழுகை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்த பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும். ஆறு ஏழு எவ்வளவு என்று கேட்டாய். நாப்பத்திரெண்டாயிரம் என்றாள். நீ சிரித்தாய், ஊசியை வாயில் வைத்திருந்த எனக்கும் சிரிப்பு வந்து நல்லவேளை விழுங்காமல் தப்பித்தேன். எட்டு ஏழு எவ்வளவு என்று கேட்டாய். அம்பத்தாறாயிரம் என்றாள். அப்போதுதான் உன் முகம் மாறியது. அப்பா, கையக் கொஞ்சம் மேல தூக்குங்க என்றாய். அவர் திடுக்கிட்டுக் கையைத் தூக்கினார், கூடவே அவள் கையும் வந்தது, அவர் விரலை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள், துண்டு கீழே விழுந்துவிட்டது. அதற்கப்புறம் நீ பேசினதை நான் எழுதவேண்டுமா? எழுதுகிறேன், படித்துப் பார், உன் வார்த்தை உனக்கு எப்படி இருக்கிறது என்று. சந்தையில மாட்டுக்காரன ஏமாத்துறது போதாதாப்பா, பெத்த பொண்ணுக்கும் ஏமாத்தக் கத்துக் குடுக்கணுமா என்றாய். உன்னை இன்ஜினியரிங் சேர்க்க உன்னோடு க்யூவில் நின்ற அன்றைக்கும் அந்தத் துண்டுதான் அவர் தோளில் கிடந்தது சிந்துஜா. நீ அதோடு நிறுத்தவும் இல்லை. இனிமே இவுங்கள நம்பி ஒண்ணும் ஆவாது, ஜூன்ல ஹாஸ்டல்ல போட்டுடு, நாமக்கல் பக்கம் நான் விசாரிச்சு வச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ வைத்துவிட்டாய், கேட்ட பிள்ளை இங்கேதானே உட்கார்ந்திருந்தாள்.

உன் அப்பா துண்டை எடுத்து உதறி ஆணியில் மாட்டினார். செவ்வாய்க்கிழமை வெறுந்தோளோடு சந்தைக்குப் போனார். துண்டு இல்லாத தரகரை யார் பார்த்திருக்கிறார்கள், இன்னா கொளஞ்சி, தொழில விட்டுட்டியா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள், ஒரு மாடும் முடிக்காமல் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் அடங்கவில்லை. குடுக்குறதுதான் குடுத்தீங்க, நாப்பத்திரெண்டுன்னு ஒழுங்காக் குடுக்கக் கூடாதா, ஆயிரத்த எதுக்குச் சேத்தீங்க, இப்புடிப் புள்ளய ஹாஸ்டலுக்கு அனுப்ப வச்சீங்களே என்று சோறு போடும்போதே பிடித்துக்கொண்டேன். அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்து, நான் எங்க புஷ்பா குடுத்தேன், நான் தூங்கிக்கினு இல்ல இருந்தேன் என்றார். முதல் நாள் ராத்திரியெல்லாம் மாட்டு லாரியில் வந்த அசதி, உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டதாம், நீ கையைத் தூக்கச் சொன்னபோதுதான் முழிப்பே வந்ததாம். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் மிஷினில் இருந்து பார்த்தேனே, தலை தொங்கிக்கொண்டிருந்தது, புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். மொதல்ல கொஞ்ச நாளு நாந்தான் குடுத்தேன், இல்லன்னு சொல்லல, அப்பறம் அவளே முந்திக்கினா, நான் அமுக்குறதுக்குள்ள அவ அமுக்கிடுறா, நான் சும்மா கைய வச்சிக்கினு இருக்கேன், அவ்ளோதான் என்றார். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்வதற்கு என்ன கேடு இந்த மனுஷருக்கு? கேட்டால், அவ கோவமா இருந்தா, அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன் என்கிறார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் வாய் வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறேன்.

தமிழினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்றபடியே சொன்னாள், நானேதாம்மா சொன்னேன், அப்பா கையில வச்சுப் பாத்தேன், சரியா இருந்துச்சு, சொல்லிட்டேன். ஆயிரம் எங்கிருந்துடி வந்துச்சு என்றேன். அப்பா கையில எது வந்தாலும் ஆயிரந்தானம்மா என்கிறாள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆணியில் கிடந்த துண்டை எடுத்துவந்து, அவளை உட்கார வைத்து, என் கையை அதற்கடியில் நீட்டினேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த கை, அவளுக்குப் பழக்கமில்லாத கை. ஒன்பது ஆறு கேட்டேன், அம்பத்திநாலு என்று விரலில் அமுக்கிவிட்டு வாயிலும் சொன்னாள். தொண்ணூத்தாறு முழக் கயிற்றை நாலு மாட்டுக்குச் சமமாக வெட்டினால் ஒரு மாட்டுக்கு எத்தனை முழம் என்றேன், கொஞ்ச நேரம் என் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு இருபத்திநாலு என்றாள். துண்டை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுடி என்று அதே ஒன்பது ஆறைக் கேட்டேன். அவ்வளவுதான், சுவரைப் பார்க்கிறாள், தண்ணீர் தாகம் என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்பத்தானேடி சொன்ன என்று கத்திவிட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சது ஓடிப் போயிடுதும்மா, கையப் புடிச்சா ஓடல. அப்போ இத அக்காகிட்ட சொல்றதுதானே என்று கேட்டேன். அக்கா மூஞ்சி மட்டுந்தானே போன்ல வருது, கையி வரலியே என்றாள். நான் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

உடனே அவளைப் பெரிய மேதை என்று நினைத்துக் குதிக்காதே, உனக்கு எல்லாவற்றிலும் ஒரு அவசரம். பெருக்கலில் இன்னும் தப்பு விடுகிறாள், பின்னம் என்றால் கால் பெரிதா அரைக்கால் பெரிதா என்று என்னைப் போலவே தடுமாறுகிறாள், சோம்பேறித்தனம் ஒரு மூட்டை இருக்கிறது, பென்சில் சீவுகிற வித்தையெல்லாம் கள்ளத்தனம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மண்டையில் ஒன்றும் இல்லாத பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அந்த சார் முன்னால் நிறுத்தினதும் வாயடைத்துப் போனாள், வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம், வீட்டுக்குள் நீ ஒரு போனை நிறுத்தி அதன் முன்னால் அவளை நிறுத்திவிட்டாய், நானும் இஞ்ச் டேப்போடு பக்கத்தில் நின்றேன். இதற்கு வேனில் ஏறி வாந்தி எடுத்துக்கொண்டே அங்கேயே படித்திருக்கலாம். இப்போது அவளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஊரில் ஹாஸ்டலில் போட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்குமா அங்கே? நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து அவள் ஒன்றும் அழுது புரளவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நேற்று தலை வாரிவிடும்போது கேட்கிறாள், ஹாஸ்டல்லயும் அஞ்சு மணிக்கு அக்கா போன் பண்ணுமா என்று. பண்ண வேண்டும் என்று கேட்கிறாளா, பண்ணக் கூடாது என்று கேட்கிறாளா என்று பெற்ற எனக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் உன் போன் என்றால் ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்து, நீ என்ன சாப்பிட்டாய், பனி பெய்கிறதா, எனக்குக் காட்டு என்று உயிரை வாங்குவாள். இப்போது போன் அடித்தால் கன்றுக்குட்டியிடம் போய் நின்றுகொள்கிறாள். நீ கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய் அவளுக்கு அக்கா இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது சிந்துஜா. கணக்கை யாராவது சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம், அக்காவுக்கு நான் எங்கே போவேன்.

அதனால் நான் சொல்வதைக் கேள், இந்த ஒரு தடவையாவது. ஹாஸ்டல் பேச்சு வேண்டாம். அந்தக் கரடியையும் நான் போனிலிருந்து எடுத்துவிட்டேன், என்னவோ உன் அக்கவுண்ட் போய்விடும் என்று எழுதிக் காட்டியது, போனால் போகட்டும். அஞ்சு மணிக்கு நீ எப்போதும்போல் கூப்பிடு, ஆனால் கணக்கு கேட்காதே, பிரட்டைக் காட்டு, நீ நடந்து போகிற வழியைக் காட்டு, கன்றுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேள், இன்னும் பேர் வைக்கவில்லை. அவள் வரவில்லை என்றாலும் நான் போனைக் கொட்டகைப் பக்கம் திருப்பி வைக்கிறேன், நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு, அவள் காதில் விழும். உன் அப்பாவிடம் மன்னிப்பு அது இது என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம், அவருக்கு அது தாங்காது, உனக்கும் வராது. துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்குங்கப்பா என்று சொல், அது போதும், அவர் புரிந்துகொள்வார். ஆனித் திருமஞ்சனத்துக்கு வருவேன் என்று போன வருஷமும் சொல்லி ஏமாற்றினாய், இந்த வருஷம் லீவு போட்டுக்கொண்டு வந்து சேர். தேர் பார்ப்பதெல்லாம் அப்புறம். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைப் போட்டுக்கொண்டு உன் கையைக் கொடு, வேண்டிய கணக்கைக் கேள். அதற்கப்புறம் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, இந்த ஓபன் ஸ்கூலே போதுமா என்று நாலு பேருமாக உட்கார்ந்து பேசுவோம். அது வரைக்கும் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த மட்டும், துண்டோடு. நான் கத்துவேன்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் துண்டுக்கு அடியில் கையை இழுத்துக்கொள்ள மாட்டேன்.

இளமதி வந்ததும் பார்சலை வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒருவேளை நம் ஊர்ச் சாப்பாடு செய்து போடு, சின்னப் பெண், முதல் தடவை ஊரை விட்டு வருகிறாள். அவளிடம் எதுவும் பரிட்சை வைக்காதே. நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் உன் பேரும் இன்னும் உயர வேண்டும், அம்மாவின் திட்டும் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

முடிக்கிற நேரத்தில் தமிழினி வந்து தோள் மேல் எட்டிப் பார்த்து யாருக்கு என்று கேட்டாள். அக்காவுக்கு, ஏதாவது எழுதணுமா என்றேன். ஒன்று சொன்னாள், அதை மறந்துவிடாதே. நான் உனக்குப் போட்டுவிட்ட அந்தக் கல் மோதிரத்தை வரும்போது கழற்றிவிட்டு வரவேண்டுமாம். பிடி தெரியாதாம்.

அன்புடன்
உன் அம்மா
புஷ்பவள்ளி